வாயில்லாச் சீவனின் வாய்

நாயையும் மாட்டையும் ஆட்டையும் வாயில்லாச் சீவன் என்று சொல்வது யாழ்ப்பாணத்துக் கிராமங்களின் வழக்கம். அடிக்க ஓங்கிய கையைத் தடுப்பதற்கும், மழையில் நனையும் கன்றைக் கொட்டிலுக்குள் கட்டச் சொல்வதற்கும் இத்தொடர் பயன்படும். பேச்சில்லாதது என்பதே இதன் பொருள். ஆனால், திருநெல்வேலிக்குக் கிழக்கே தோட்டக் காணிகளின் நடுவே அமைந்த வீடொன்றில் வளர்ந்த நாயின் விடயத்தில் இது வேறொரு பொருளிலும் உண்மையாயிற்று. அந்நாய்க்கு வாய் என ஒன்று உண்டு என்பது, அதற்குச் சோறு வைக்கும்போதும் அது படலையடியில் நின்று குரைக்கும்போதும் மட்டுமே நினைவுக்கு வந்தது. உதட்டை உயர்த்தி உள்ளே பார்த்தவர் ஏழாண்டு காலம் ஒருவரும் இலர்.

அவ்வீட்டில் வாழ்பவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர். 34 ஆண்டுகள் கற்பித்து 2016 இல் ஓய்வுபெற்றார். அதே ஆண்டில் அவருடைய ஒரே மகன் கனடாவுக்குச் சென்றான். அதற்கு முந்திய ஆண்டு அவன் சந்தையடியிலிருந்து ஒரு கடதாசிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டிதான் ரைகர். செம்பழுப்பு உடலில் கரிய கோடுகள் ஓடியதால் அப்பெயர் வாய்த்தது. தாய் சந்தையடித் தெருநாய். தந்தை யாரென்பது இன்றளவும் ஊகத்துக்குரியது. கணவரை முன்னரே இழந்திருந்த ஆசிரியைக்கு, மகன் புறப்பட்டுச் சென்ற இரவில் வீட்டினுள் மூச்சுவிடும் மற்றோர் உயிராக எஞ்சியது அந்நாயே. முதலிரண்டு ஆண்டுகளும் அது அவருடைய கட்டிலின் காலடியிலேயே படுத்து வந்தது.

ஒழுங்கை முடக்கில், வேப்பமரத்தின் கீழ், ஒரு சூலம் மட்டும் நாட்டப்பட்ட வைரவர் கோயில் உண்டு. நாய் வைரவரின் வாகனம். ஆதலின் அங்கு வடைமாலை சாத்தும் நாள்களில் ரைகருக்கும் ஒரு வடை தவறாமற் கிடைக்கும். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் மரக்கறி. நாயும் அன்று பருப்பும் சோறும் உண்டு விரதம் காக்கும். ஏனைய நாள்களில் மீன் தலையும் சொதியும் பிசைந்த சோறு. ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக் கடையிலிருந்து ஆட்டின் கால் எலும்போ மாட்டின் தொடையெலும்போ வரும். எலும்பு நாயின் பல்லைத் தேய்த்துச் சுத்தமாக்கும் என்று அயலவர் அனைவரும் நம்பினர், ஆசிரியையும் நம்பினார். அந்த எலும்பை முன்னங்கால்களுக்கிடையே பற்றிக்கொண்டு நாய் மணிக்கணக்காக நொறுக்கும் ஓசையே அவருடைய ஞாயிறு மாலைகளின் ஓசையாக இருந்தது.

நாற்றம் எப்போது தொடங்கியதென்று எவராலும் கூற இயலாது. அத்தகைய விடயங்கள் ஒரு நாளிற் தொடங்குவன அல்ல. கட்டிலின் காலடியில் இருந்த நாய் ஒருநாள் அறை வாசலுக்கு மாற்றப்பட்டது. வெயில் காலம் என்று காரணம் கூறப்பட்டது. அறை வாசலிலிருந்து விறாந்தைக்குச் சென்றது. வீடு காவலுக்கு அதுவே நல்லது என்று கூறப்பட்டது. 2021 ஆம் ஆண்டின் இறுதியில் அது பழைய மாட்டுக் கொட்டிலுக்குச் சென்றுவிட்டது. அப்போது காரணம் எதுவும் கூறப்படவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் மூக்கைப் பொத்தியதை ஆசிரியை கண்டிருந்தார்; அதுவே போதுமானதாயிற்று. நாய் தன் பங்கிற்கு, மாலையில் அவர் கதிரையில் அமர்ந்ததும் வழக்கம்போல வந்து மடியில் முகத்தை வைக்கும். அவர் முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டு அதன் தலையைத் தடவுவார். பின்னர் தடவுவதும் குறைந்தது.

இதில் விந்தை யாதெனில், பற்சுத்தத்தில் அவ்வூரில் அவரை விஞ்சியவர் இலர். காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நகத்தையும் பல்லையும் பார்த்த பின்னரே பாடத்தைத் தொடங்குவார் என அவரிடம் கற்றவர்கள் இன்றும் கூறுவர். ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் பல்லுக்குச் செய்யும் நன்மையை அவர் சொல்லக் கேட்டுத் தலைமுறை ஒன்று வளர்ந்திருக்கிறது. அவ்வாறு 34 ஆண்டுகள் பிறர் பிள்ளைகளின் வாய்க்குள் எட்டிப் பார்த்தவருக்குத் தம் வீட்டு நாயின் வாய் நினைவில் வரவில்லை. இதற்காக அவரைக் குறை கூறுவது எளிது. ஆயினும், நாயின் வாய் நாறுவது நாயின் இயல்பு என்றே ஊர் முழுவதும் எண்ணியிருந்தது. இயல்பு என்று கொள்ளப்பட்ட ஒன்றை நோய் என்று காண்பதற்கு வேறொருவர் வந்து சொல்லவேண்டியிருக்கிறது.

சொன்னவன் மகன். தொலைபேசியில், கனடாவில் நாய்க்குப் பல் விளக்குகிறார்கள் என்றான். ஆசிரியை சிரித்தார். எனினும் மறுநாட் காலையில் உமிக்கரியும் உப்பும் கலந்து, பழந்துணியொன்றைச் சுட்டுவிரலிற் சுற்றிக்கொண்டு கொட்டிலுக்குச் சென்றார். பிள்ளைக்குப் பல் தீட்டுவதுபோல இடக்கையால் தாடையைப் பற்றி வலக்கையால் அழுத்தித் தேய்த்தார். துணி சிவந்தது. நாய் ஒருமுறை விலகியது. இரண்டாம் முறை உறுமியது. மூன்றாம் முறை கடித்தது.

கடி பெரிதன்று. பெருவிரலடியில் தோல் கீறிச் சற்றே குருதி கசிந்தது. சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு நெடுநேரம் கழுவிவிட்டு, ஆண்டுதோறும் நாய்க்கு இடப்பட்ட விசர்நாய்க்கடித் தடுப்பூசியின் அட்டையையும் எடுத்துக்கொண்டு அவர் வைத்தியசாலைக்குச் சென்றுவந்தார். காயம் ஒரு கிழமையில் ஆறியது. ஆறாதது அயலவர் பேச்சு. “சோறு போட்ட கையைக் கடிச்ச நாயை வீட்டில வைச்சிருக்கக் கூடாது, ரீச்சர்” என்றார் ஒருவர். மற்றொருவர், தம்முடைய மகன் அதனைக் கயிற்றிற் கட்டி நாவற்குழிப் பாலத்துக்கு அப்பால் விட்டுவருவான் என முன்வந்தார். அவ்வாறு பாலத்துக்கு அப்பாலும் சந்தைகளின் பின்புறத்திலும் கோயில் வீதிகளிலும் விடப்பட்ட நாய்கள் எத்தனை என்பதை அவ்வழியாற் செல்பவர் அறிவர். ஆசிரியை மறுமொழி கூறவில்லை. மறுக்கவும் இல்லை என்பதைக் குறிப்பிடுவது அவசியம். யோசிப்பதாக மட்டும் சொன்னார்.

யோசித்து முடியுமுன் ரைகரின் வலக்கண்ணின் கீழ் வீக்கம் தோன்றியது. குளவி குத்தியது என்று கருதி மஞ்சளை அரைத்துப் பூசினார். வீக்கம் வடிந்து மீண்டும் எழுந்தது. மூன்றாம் முறை உடைந்து சீழ் வடிந்தது. நாய் சோற்றுக் கோப்பையை முகர்ந்துவிட்டு விலகி நின்றது. மீன் தலையைக் கௌவி, உடனே நழுவவிட்டது.

அது 2022 ஆம் ஆண்டு ஆனி மாதம். நாடெங்கும் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற காலம். முச்சக்கர வண்டிகள் எரிபொருள் நிலையத்து வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக உறங்கிக் கிடந்தன. 22 கிலோ நிறையுள்ள நாயொன்றை நகருக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. இறுதியில் மீன் வியாபாரி ஒருவர் தமது துவிச்சக்கர வண்டியையும் அதன் பின்னாலிருந்த பெரிய மீன்பெட்டியையும் ஒரு முற்பகலுக்கு இரவல் தந்தார். உயர்தரம் கற்கும் அயல்வீட்டுப் பையன் வண்டியை உருட்ட, ஆசிரியை குடையுடன் பக்கத்தில் நடக்க, ரைகர் மீன்வாசம் ஊறிய பெட்டிக்குள் அமர்ந்து சென்றது. நோயின் நடுவிலும் அப்பெட்டியின் அடிப்பலகையை அது நக்கிக்கொண்டே வந்ததெனப் பையன் பின்னர் பலரிடம் கூறியிருக்கிறான்.

மிருக வைத்தியர் வாயைத் திறக்க முயலவில்லை. உதட்டின் ஓரத்தை இரு விரல்களால் மெல்ல உயர்த்தினார், அவ்வளவே. வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். பால்பற்கள் 28 உம் விழுந்து, ஆறேழு மாத வயதுக்குள் நிரந்தரப் பற்கள் முழுமையாக முளைத்துவிடும். மேல்வரிசையில் ஒவ்வொரு புறத்திலும் வெட்டும்பற்கள் மூன்று, வேட்டைப்பல் ஒன்று, முன்கடைவாய்ப்பற்கள் நான்கு, கடைவாய்ப்பற்கள் இரண்டு. கீழ்வரிசையிற் கடைவாய்ப்பல் மட்டும் ஒன்று கூடுதல். மேல்வரிசையின் நான்காம் முன்கடைவாய்ப்பல்லே மிகப் பெரியது. இறைச்சியை அரிந்து எலும்பை நொறுக்கும் கத்திரியின் மேலலகு எனலாம். மூன்று வேர்கள் கொண்ட அப்பல்லின் வேர்முனைகள் கண்ணின் கீழ்ப்புறத்தை அண்மி நிற்கின்றன. அதன் வேரிற் சீழ் கட்டும்போது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, வீக்கம் தோன்றும். கண்நோய் என்றும் பூச்சிக்கடி என்றும் பலர் மயங்குவது இதனாலேயே. ரைகரின் வலப்புறத்து அப்பல்லில் வெளிப்பக்கம் ஒரு தகடுபோலப் பிளந்திருந்தது. அதனைப் பிளந்தது எலும்பு. கடினமான எலும்பை நாய் நொறுக்குங்கால் சில வேளைகளிற் பல்லே தோற்றுப்போகும்.

ஏனைய பற்களின் நிலை வேறு. அடியில் மஞ்சளும் கபிலமுமாகப் பற்காறை படிந்து, முரசு சிவந்து வீங்கியிருந்தது. உணவு உண்ட சில மணி நேரத்துள் பல்லின்மீது பற்றீரியாக்கள் சேர்ந்து மென்மையான படலமொன்றை உண்டாக்குகின்றன. விரலால் துடைத்தாலே போய்விடும் படலம் அது. துடையாது விட்டால் உமிழ்நீரிலுள்ள கனியுப்புகள் இரண்டொரு நாளில் அதனை இறுகச் செய்யத் தொடங்கும். நாயின் உமிழ்நீர் மனித உமிழ்நீரைக் காட்டிலும் காரத்தன்மை மிக்கது. ஆதலால் மனிதரிடம் போலப் பற்சொத்தை நாய்களில் அதிகம் காணப்படுவதில்லை. காறையோ விரைந்து படிகின்றது. உமிழ்நீர்க் கான் ஒன்று மேல்வரிசைப் பெரும்பற்களின் எதிரே, கன்னத்தின் உட்புறத்திற் திறப்பதால் அப்பற்களின் வெளிப்புறமே முதலில் மறைகின்றது. இறுகிய காறையின் மறைவில் அழற்சி முரசின் கீழே இறங்கும், பல்லைத் தாங்கும் எலும்பு கரையும், பல் ஆடும். மூன்று வயதுக்குள்ளேயே பெரும்பாலான நாய்களில் இந்நோயின் தொடக்கம் காணப்படும் என்பது மிருக வைத்தியர்களின் பொதுவான கருத்து. பொமேரியன் போன்ற சிறிய இனங்களிற் பற்கள் நெருங்கி நிற்பதால் நிலைமை இன்னும் மோசம்.

“எவ்வளவு காலமாய் நொந்திருக்கும்?” என்று ஆசிரியை வினவினார்.

“மாதக்கணக்காய் இருக்கலாம், ரீச்சர். நாய் நோவைக் காட்டாது. ஒரு பக்கத்தால சாப்பிடப் பழகிவிடும்.”

ஆசிரியை அருகிலிருந்த வாங்கில் அமர்ந்துவிட்டார். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, தென்மராட்சியிற் பாடசாலைக் கட்டடம் ஒன்றில் ஐந்து வயது மகனுடன் தங்கியிருந்தவர் அவர். அங்கே மூன்று கிழமை கடைவாய்ப்பல் ஒன்று அவரை வதைத்தது. பார்க்கப் பல் வைத்தியர் இல்லை. சொல்லி ஆவது எதுவும் இல்லை. மகன் பயந்துவிடுவான் என்று ஒரு பக்கத்தால் மென்று, சிரித்த முகத்துடன் இருந்தார். இதனை அவர் வைத்தியரிடம் கூறவில்லை. திரும்பி வரும் வழியில், வண்டியை உருட்டிய பையனிடம் கூறினார். அன்று உமிக்கரித் துணியால் தாம் அழுத்தித் தேய்த்தது அந்த வலப்புறத்தையே என்பதையும் கூறினார். பையன் என்ன சொல்வதென்று தெரியாமல் மணியை அடித்தானாம்.

மயக்க மருந்து கிடைப்பதற்குப் பத்து நாள்கள் சென்றன. அதுவரை நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளும் கரைத்த சோறும். பின்னர் அப்பல்லை மூன்று துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு வேராக அகற்றினர். ஆடிக்கொண்டிருந்த வெட்டும்பற்கள் இரண்டையும் எடுத்தனர். மயக்கத்தில் இருந்தபோதே முரசின் கீழிருந்த காறையும் சுரண்டி அகற்றப்பட்டது. மயக்கமின்றிச் சுரண்டுவோர் சில நாடுகளில் உளர். அது வெளியே தெரியும் பல்லை வெண்மையாக்கும். நோயோ முரசின் கீழேதான் உண்டு. வீட்டில் நகத்தாலும் கத்தியாலும் காறையைப் பெயர்ப்பது இன்னும் தீது. மிளிரி கீறப்பட்டு, அடுத்த காறை பற்றுவதற்கு வசதியான தளம் உண்டாகும். அன்று மாலை 39 பற்களுடன் ரைகர் வீடு மீண்டது. பாலம், கயிறு என்ற பேச்சை அதன்பின் எவரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் ஆசிரியை கேட்டிருக்கமாட்டார்.

காறை மீண்டும் படியாமற் காப்பது வீட்டாரின் வேலை என்று வைத்தியர் கூறியிருந்தார். ஆசிரியை அதனைப் பாடத்திட்டம்போல ஏற்றார். முரசு ஆறும்வரை வாயைத் தொடவில்லை. பின் இரண்டு கிழமை, மாலையில் கதிரையில் இருந்தபடி உதட்டை வெளியே தொட்டுத் தடவுவது மட்டும். நாய் தலையை இழுத்தால் கையை எடுத்துவிடுவார். பிடித்து அமர்த்தக்கூடாது என்பதை ஒருமுறை கடிபட்டே கற்றிருந்தார். அடுத்து, அவித்த மீனின் நீரில் விரலைத் தோய்த்து உதட்டின் உட்புறம் வைத்தார். சொதியை விட்டு வெறும் நீரில் அவித்த மீனை நாடியதற்குக் காரணம் உண்டு: வெங்காயம் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். ஏழாண்டுகள் சொதியூற்றிய கைக்கு அச்செய்தி எவ்வாறு இருந்திருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை. விரலின் பின் விரலிற் சுற்றிய மெல்லிய துணி. துணியின் பின், சிறு பிள்ளைகளுக்கான மென்மையான பற்தூரிகை.

வாயைத் திறக்கவேண்டிய தேவையே இல்லை என்பது அவருக்குப் பெரும் வியப்பாக இருந்தது. வாய் மூடியிருக்க, உதட்டை மட்டும் உயர்த்தி, தூரிகையை முரசும் பல்லும் சேருமிடத்திற் சரிவாக வைத்துச் சிறு வட்டங்களாக அசைத்தாற் போதும். உட்புறத்தை நாயின் நாக்கே ஓரளவு துடைத்துக்கொள்கிறது. மேல்வரிசையின் பின்புறப் பற்களை முதலிற் கவனிக்கவேண்டும். நாயின் பொறுமை முடிந்துவிட்டால் எஞ்சியவை நாளைக்கு ஆகலாம். ஒருபுறத்துக்கு அரை நிமிடம். ஆனால் நாள்தோறும் செய்யவேண்டும். கிழமைக்கொரு முறை என்றால், இடையில் காறை இறுகிவிடும். இறுகியதைத் தூரிகை அசைக்காது.

பற்பசை குறித்து வீட்டில் ஒரு சிறு கலகம் நிகழ்ந்தது. அயல்வீட்டுப் பையன் தன் பற்பசையைக் கொண்டுவந்தான், ஆசிரியை தடுத்தார். மனிதர் கொப்புளித்துத் துப்புவதை நாய் விழுங்கிவிடும். அதிலுள்ள புளோரைட்டும் நுரைக்கும் பொருளும் அதன் வயிற்றுக்கு ஆகா. சில பற்பசைகளிற் சேர்க்கப்படும் சைலிற்றோல் என்னும் இனிப்பு, நாயின் குருதியிலுள்ள வெல்லத்தைத் திடீரெனத் தாழ்த்தி உயிருக்கே இடர் விளைவிக்கும், ஈரலையும் பாதிக்கும். உப்பு, அப்பச்சோடா என்பனவும் விழுங்கப்படுவனவே. மகன் கனடாவிலிருந்து கோழியிறைச்சிச் சுவையுள்ள நாய்ப் பற்பசை ஒன்றை அனுப்பினான். அத்துடன், 1997 இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட மிருகப் பல்நலச் சபையின் முத்திரை பொறித்த மெல்லும் பண்டங்களும் வந்தன. நாய் அவற்றை மிக விரும்பியது. அவை தீர்ந்ததும் ஆசிரியை தூரிகையையும் நீரையும் கொண்டே தொடர்ந்தார். அழுக்கை அகற்றுவது பெரும்பாலும் தூரிகையின் உரசலே. பசை நாயைச் சம்மதிக்க வைக்கும் கையூட்டு. இத்தகைய கையூட்டு மன்னிக்கத்தக்கதே.

எலும்பு நின்றது. முதற் சில ஞாயிறுகளில் நாய் படலையடியிற் காத்திருந்து, வெறுங்கையுடன் வந்தவரை நெடுநேரம் நோக்கியது. அது ஆசிரியைக்கே கூடுதல் வருத்தம் தந்தது. இப்போது அவித்த கரட் துண்டுகளைக் கொடுக்கிறார். அதனால் பல்லுக்குப் பெரும் பயன் ஏதும் இல்லை என்பதை அவர் அறிவார். ஞாயிறு மாலையில் எதையேனும் கொடுத்தாகவேண்டும் என்பதற்காகவே கொடுக்கிறார். நாயோ அதனைக் கௌவிச் சென்று குரோட்டன் செடியின் கீழ்ப் புதைத்துவிடுகிறது.

நாய்க்குப் பல் விளக்கும் செய்தி ஒழுங்கையில் நீண்டகாலம் நகைப்புக்கு இடமாக இருந்தது. மனிதருக்கே மருந்தில்லாத காலத்தில் நாய்க்குப் பற்தூரிகையா என்று கேட்டவரும் உளர். அக்கேள்வியை முற்றாகத் தள்ளிவிட முடியாது. அவ்வாண்டு வைத்தியசாலைகளில் நிகழ்ந்தவற்றை நாடே அறியும். ஆயினும், ஆசிரியை செலவிட்டது பழந்துணியும் ஒரு தூரிகையும் மாலையில் மூன்று நிமிடமும் மட்டுமே. பெரும் செலவு அதற்கு முன்னர், பல்லைப் பிடுங்கியபோது ஆயிற்று. இதனைக் கணக்காக எழுதிக் காட்டியபின், கயிற்றுடன் மகனை அனுப்ப முன்வந்த அயலவரே தம் வீட்டுப் பொமேரியனைக் கொண்டுவந்து காட்டினார். ஆசிரியை அதன் உதட்டை உயர்த்திப் பார்த்துவிட்டு, பழைய பிரார்த்தனை வரிசைக் குரலில், “நாளைக்கே வைத்தியரிட்டக் கொண்டு போங்கோ” என்றார்.

ரைகருக்கு இப்போது பத்து வயது கடந்துவிட்டது. முகவாய் நரைத்துவிட்டது. 2022 மார்கழி மழையில் ஓரிரவு அது கொட்டிலிலிருந்து விறாந்தைக்கு வந்தது, எவரும் துரத்தவில்லை. தைப்பொங்கலுக்குள் அறை வாசலுக்கு வந்துவிட்டது. கட்டிலின் காலடியை மீண்டும் அடைந்த நாள் எதுவென்று ஆசிரியைக்கு நினைவில்லை. வாயில் மணம் முற்றாக இல்லை என்று கூறமுடியாது. நாயின் வாய் நாயின் வாயே. ஆனால் மடியில் முகம் வைக்கும்போது அவர் இப்போது திரும்பிக்கொள்வதில்லை.

மாலையில் விளக்கேற்றிய பின்னர் தூரிகை வைத்த தகரப் பேணியின் மூடி திறக்கும் ஓசை கேட்டதும் அது தானாகவே எழுந்துவந்து கதிரையருகில் அமர்கின்றது. மேல்வரிசை இருபுறமும் தடையின்றி முடிந்துவிடும். பல் பிடுங்கிய வெற்றிடத்தைத் தூரிகை தொடும்போது மட்டும் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்ளும். கீழ்வரிசையின் இடப்புறத்தை அது இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை. உறுமுவதில்லை, கடிப்பதில்லை, தலையை மெல்லத் திருப்பி ஒழுங்கையைப் பார்க்கத் தொடங்கிவிடும். ஆசிரியை சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, தூரிகையைக் கழுவிப் பேணிக்குள் வைத்து மூடுகிறார்.